வெறுந்தட்டில் வைத்த படம்

மியூசியத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சியின் முதல் நாளே உங்களுக்கு அந்தப் பாடம் நடந்திருக்கும். தொடாதே, தொட விடாதே, யாராவது தொட்டால் சத்தம் போடாமல் மேலிடத்துக்குச் சொல். நானும் அதைத்தான் படித்தேன், ஓய்வு பெறும்வரை அதை மீறவும் இல்லை. ஆனால் அந்தப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாத ஒரு காலைப்பொழுது எனக்கு வந்தது. அதை எழுதச் சொல்லி உங்களில் சிலர் கேட்டீர்கள். எழுதுகிறேன். வாசித்துவிட்டு ‘அன்ரி பெரிய வீராங்கனை’ என்று நக்கலடிக்க வேண்டாம். அன்று நான் எவ்வளவு பயந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி முதுகு நொந்து, பிறகு இந்த மியூசியத்தில் காட்சிக்கூடக் காவலாளாகச் சேர்ந்திருந்தேன். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைச் சேர்ந்த கலைஞர்களின் கூடம் எனக்குக் கிடைத்தது. அந்தக் கூடம் மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் புதியவளின் தலையில் கட்டினார்கள். உண்மையில் அது மனத்துக்கு இதமான இடம் இல்லைத்தான். ஒரு சுவரில் மெக்சிக்கோ அச்சுப்படங்களில் எலும்புக்கூடுகள் தொப்பி போட்டுக்கொண்டு ஆடின. எதிர்ச்சுவரில் பெரு நாட்டிலிருந்து வந்த பழைய ஓவியம்: சரிகை உடுப்புப் போட்ட தேவதூதன், எங்கள் பேச்சில் சம்மனசு, செட்டைகளை விரித்தபடி, கையில் சுடுகிற நீளத் துவக்கோடு நின்றது. நான் தீவுப்பகுதி வேதக்காரி, மாதா கோயிலில் வளர்ந்தவள். சம்மனசின் கையில் லீலிப்பூவைப் பார்த்திருக்கிறேன், மிஞ்சிப்போனால் வாள். துவக்கோடு வந்தவர்களை எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்லி அழைப்போம். அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு நெடுநாள் தைரியம் வரவில்லை.

கூடத்தின் நடுவில் இருந்தது சாப்பாட்டு மேசை. சிலி நாட்டிலிருந்து அகதியாக வந்து மொன்றியலில் வாழ்ந்த ஒரு பெண் கலைஞர் செய்தது. நீண்ட மர மேசையில் வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு மனித முகம். கடைக்கோடியில் சில தட்டுகள் மட்டும் வெறுமையாக இருந்தன. நாற்காலி ஒன்றும் கிடையாது.

ஒருநாள் நகரின் பார்க்டேல் பகுதியிலிருந்து, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பொன்று மியூசியம் பார்க்க வந்தது. அதில் ஒரு தமிழ் அம்மா, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் குளிர்ச்சட்டை. பெயர் மனோன்மணி என்று பிறகு அறிந்தேன். மற்றவர்கள் எலும்புக்கூட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்க, இவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“பிள்ளை, நீர் தமிழோ?”

“ஓம் அன்ரி.”

“இதென்ன, சாப்பிடுற தட்டிலை ஆக்களின்ர முகம்?”

“அந்த நாட்டிலை ஆமிக்காரர் வீடுவீடாப் பிடிச்சுக்கொண்டு போன ஆக்களாம் அன்ரி. பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமற்போன ஆக்கள்.”

“அப்ப உந்த வெறுந்தட்டுகள்?”

“இன்னும் பேர் தெரியாத ஆக்களுக்காம். அப்பிடித்தான் எழுதியிருக்கு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி மகன் ரமணன். வெளிநாடு வருவதற்காகக் கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்தபோது, ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்களாம். எந்தப் பொலிஸ் நிலையத்திலும் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் இங்கே மகளோடு இருந்துகொண்டு, தொலைபேசி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம் என்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது, “கும்பிடுங்கோ அன்ரி” என்பது மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், கதவு திறக்கும் முன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது மேசைக்கோடியில் நின்றுவிட்டேன். வெறுந்தட்டு ஒன்றில் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம். மீசை அரும்பிய பையன். வெள்ளை ஓரத்தில் பேனாவால் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், எந்தத் தெருவில் பிடிபட்டான் என்ற விபரம். கொழும்பில் தாய்மார் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் இப்படித்தான் படத்தில் எழுதிக்கொண்டு நிற்பார்கள். முதல்நாள் மாலை, இலவசமாக உள்ளே விடும் நேரத்துக் கூட்டத்தில் மனோன்மணி அன்ரி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காணாமற்போனவர்களின் படம் வைக்கும் இடம், கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கிறது என்றால் எங்கள் தாய்மாரில் யார்தான் வைக்காமல் போவார்கள்?

நான் தொடவில்லை, மேலிடத்துக்குச் சொன்னேன். காவல் மேற்பார்வையாளர் குப்பையில் போடத்தான் வந்தார். அவரைத் தடுத்தது சேகரிப்புக்குப் பொறுப்பான அம்மையார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவரும் சிலி நாட்டுக்காரர். கண்ணாடியில் ஒரு விரலடையாளம் கண்டால் முழுக்கூடத்தையும் நிறுத்திவைத்து விசாரிக்கிற ஆள். அவர் நடந்துவரும் சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து நிற்போம். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தார். “அந்தத் தட்டுகளை நான் வேறு எதற்கு வெறுமையாக விட்டேன் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்டாராம் அந்தக் கலைஞர்.

இப்படியாக ரமணனின் முகத்துக்கு மேலும் கண்ணாடி பூட்டி, இலக்கம் கொடுத்து, மியூசியத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தார்கள். அகதிக் கோரிக்கை முடியாமல் நாங்கள் பாதிப்பேர் இழுபட்டுக்கொண்டிருக்க, நாட்டுக்குள்ளேயே வராத ரமணனுக்கு நிரந்தரம் கிடைத்துவிட்டது என்று நான் வீட்டில் பகிடி விட்டேன். சிரிப்பு வரவில்லை. மனோன்மணி அன்ரிக்கோ பெரிய நிம்மதி. “நாலுபேர் வந்துபோற இடம் பிள்ளை. ஆராவது கண்ட ஆள் சொல்லுவினம்” என்றார். கோயிலில், கடையில், பஸ்ஸில் கண்ட ஆட்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினார். அதுவரை அந்தக் கூடத்தில் ஒரு தமிழ் முகத்தைக் காண்பது அரிது. இப்போது குடும்பம் குடும்பமாக வந்து, சம்மனசையும் பார்க்காமல் எலும்புக்கூட்டையும் பார்க்காமல் நேரே மேசைக்கோடிக்குப் போனார்கள். மேற்பார்வையாளர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இனி நான் சொல்ல வந்த காலைப்பொழுது.

அந்தக் கூடத்தைத் திருத்தி, விளக்குகளை மாற்றி, பத்திரிகைக்காரர்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் பிடிப்பவர்கள் வரப்போகிறார்கள், மேசையைத்தான் முக்கியமாக எடுப்பார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் வேலைக்கு வந்தபோது மனோன்மணி அன்ரி வாசற்படியில் மழைக்குள் நின்றார். குடை இல்லை, காலில் வீட்டுச் செருப்பு.

“பிள்ளை, அவன் கதைச்சவன்.”

“ஆர் அன்ரி?”

“ரமணன். இரவு போன் எடுத்தவன். என்ர பிள்ளையின்ர குரல். இருமல் கூட அவன்ர இருமல்தான்.”

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் சந்தோஷப்படவில்லை.

“எங்கையிருந்து கதைச்சவன்?” என்று கேட்டதும் என் வாயைக் கையால் பொத்தினார். அந்தக் காலத்தில் அப்படித்தான். வழியில் இருக்கும் பிள்ளை எந்த நாட்டில் நிற்கிறான் என்று தாய் தன் சொந்தத் தமக்கைக்கும் சொல்ல மாட்டாள்.

“எப்பிடியோ வெளியிலை வந்திட்டான், வேற ஆளின்ர பேரிலை வாறான் பிள்ளை. இன்னும் ஒரு பிளேன் ஏற வேணும். அவன்ர பேரோ படமோ ஒரு இடத்திலையும் வெளியிலை தெரியக் கூடாதெண்டு ஏஜென்ற் சொன்னவன். நானெல்லோ பேரும் ஊரும் எழுதி ஊருக்கே காட்டி வைச்சிருக்கிறன்! பிடிச்சுத் திருப்பி அனுப்பினா, இந்தமுறை உயிரோடை விடுவாங்களே?”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “அதைவிட இன்னொண்டு. எங்கடை இங்கிலிஷ் ரீச்சர் சொல்லிப்போட்டா, உந்த மேசையிலை இருக்கிறவை எல்லாரும் செத்துப்போச்சினமாம். உயிரோடை இருக்கிற பிள்ளையை நான் செத்தவையோடை இருத்திப்போட்டன். எடுத்துத் தாரும் பிள்ளை. உம்மைக் கும்பிடுறன்.”

எங்கள் வீடுகளில் செத்தவர் படத்துக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் படத்தைக் கொழுவ மாட்டோம். குழுப்படத்தில் ஒருவர் இறந்துபோனால், அவரைத் தனியே வெட்டியெடுத்துச் சட்டம் போட்டுத்தான் பூ வைப்போம். அன்ரி வேதக்காரி இல்லை, நான் சைவக்காரி இல்லை, ஆனால் இந்தப் பயத்தில் எங்களுக்குள் வித்தியாசம் கிடையாது.

மேற்பார்வையாளரிடம் ஓடினேன். விஷயத்தை முழுதாகச் சொல்லவும் முடியாது. ‘வேறு பெயரில் வருகிறான்’ என்று அவரிடம் சொல்லிவிட்டு நான் எப்படி நித்திரை கொள்வது? தாய் படத்தைத் திருப்பிக் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “பத்திரிகைக்காரர் வந்து போகும்வரைக்கும் அந்த மேசையிலை ஒரு தூசி கூட அசையக் கூடாது. பிறகு எழுதிக் குடுக்கச் சொல்லு, குழு கூடிப் பாக்கும்.”

குழு கூடுவதென்றால் பனி கொட்டும் காலம் வந்துவிடும்.

கூடத்துக்குத் திரும்பிப்போய் மேசைக்கோடியில் நின்றேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கண்ணாடியைப் பூட்டியிருந்தது சின்னச் சின்னத் திருகாணிகளால். துப்புரவுச் சாமான் வைக்கும் அலுமாரியில் திருப்புளி இருந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அலுமாரிச் சாவியைத் தடவியது. ஒரு கணம் செய்துவிடலாம் என்றே நினைத்தேன். செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மியூசியத்தில் ஒரு படம் களவு போயிருக்கும். பொலிஸ் வரும். யாருடைய படம், யார் தாய், ஏன் எடுத்தார்கள் என்று துருவுவார்கள். வரப்போகும் பத்திரிகைக்காரர்களுக்கு அன்றைய நல்ல செய்தி கிடைத்துவிடும். யாருக்கும் தெரியக் கூடாத அந்த முகம் முன்பக்கத்தில் வந்துவிடும். எனக்கு என் வேலையைப் பற்றிய பயமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் என் கையைத் தடுத்தது அந்தப் பையனைப் பற்றிய பயம். பயம் வந்தால் அதைத் திட்டாதீர்கள். எதற்காகப் பயப்படுகிறோம் என்று அதையே கேளுங்கள், வழி தெரியும்.

மேசைக்கு அதிகாரம் உள்ளவர் ஒருவர்தான். கீழ்த்தளத்தில், வெளியார் கால்வைக்கக் கூடாத இடத்தில் இருக்கும் அந்த அம்மையார். நான் தனியே போய்ச் சொன்னால், என் உடைந்த ஆங்கிலத்தில் அது ஒரு முறைப்பாடாகத்தான் கேட்கும், அவரும் விதியைத்தான் சொல்லுவார். ஆகவே அன்ரியைக் கூட்டிக்கொண்டு, ஊழியர் கதவைத் திறந்து, படியிறங்கினேன். அதற்கு எனக்கு அனுமதி கிடையாது. படிக்கட்டில் அன்ரியின் ஈரச்செருப்பு எழுப்பிய சத்தத்தில் முழுக் கட்டிடமும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றியது.

அம்மையார் கையுறை போட்டபடி ஏதோ வேலையாக இருந்தார். நனைந்த சேலையோடு நின்ற மனுஷியைக் கண்டதும் முகம் கடுத்தது. “இஞ்சை ஆர் விட்டது?” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“இது அந்தப் பெடியன்ர தாய்” என்றேன்.

அன்ரி தமிழில் கொட்டத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். மேற்பார்வையாளரிடம் மறைத்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டு, தவறான ஆளிடம் சொல்லிவிட்டேனோ என்று பயந்து கதவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உயிரோடையா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நிச்சயமா? கடிதமா, குரலா?”

“குரல். தாய்தான் கேட்டவ.”

அவர் கையுறைகளைக் கழற்றினார். ஒழுங்காக வைக்காமல் அப்படியே தரையில் போட்டார். நான் அவரை அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

“மேசையிலை ஜன்னல் பக்கமா, சுருட்டைத் தலையோடை ஒருத்தன் இருக்கிறானே, அது என்ர தம்பி. என்ர அம்மாதான் அந்தப் படத்தைக் குடுத்தவ. எலும்பும் கிடைக்கேல்லை. அந்த மேசையிலை இருக்கிற ஒருத்தரையும், ‘இவன் உயிரோடை இருக்கிறான், எழுப்பித் தா’ எண்டு கேட்டு இண்டுவரைக்கும் ஆரும் வரேல்லை. இவதான் முதல் ஆள். இவவை நான் குழு கூடும்வரைக்கும் நில் எண்டு சொல்லுறதோ?”

நான் அன்ரிக்கு அதைச் சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அன்ரிக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அம்மையாரின் கன்னத்தை ஒருமுறை தடவினார். எங்கள் கண்டிப்பான அம்மையார் குழந்தைப்பிள்ளை போல நின்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அம்மையார் எங்களையும் கூட்டிக்கொண்டு கருவிப்பெட்டியோடு மேலே வந்து, கூடத்தின் வாசலுக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பத்திரிகைக்காரர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரின் கமெரா ஏற்கனவே கழுத்தில் தொங்கியது. நான் மேசைக்கோடிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். என் வேலையே நிற்பதுதானே, யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் ஆணி கழலும் சின்னச் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் கயிற்றைத் தாண்டி வந்து, “என்ன நடக்குது இஞ்சை?” என்று உறுமினார்.

“உரியவரிட்டைத் திருப்பிக் குடுக்கிறன்” என்றார் அம்மையார், தலையைத் தூக்காமலே. “பதில் சொல்ல வேண்டியது நான்.”

படத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி அன்ரியிடம் நீட்டினார். அன்ரி அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் நடந்து போனார். கயிறு அவிழ்ந்தது. கமெராக்கள் உள்ளே வந்தன. மறுநாள் பத்திரிகையில் மேசை அழகாக வந்திருந்தது. ரமணன் இருந்த தட்டு வெறுமையாக இருந்தது.

அம்மையாரை மேல்மாடிக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று தெரியாது. என் பெயர் மட்டும் அங்கே வரவில்லை. அடுத்தது நான்தான் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். ஆனால் அந்தப் பயம் சீக்கிரமே சின்னதாகப் போய்விட்டது, ஏனென்றால் அன்ரி வீட்டுத் தொலைபேசி மறுபடியும் ஊமையாகிவிட்டது. கிழமைகள் போயின. இலையுதிர்ந்தது. ஒவ்வொரு காலையும் அம்மையார் தேவையில்லாமல் என் கூடத்தின் வழியாக நடந்து போவார். என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். படத்தை எடுத்த பிறகு அவன் உண்மையாகவே காணாமற்போய்விட்டானோ என்று எனக்குள் ஒரு நினைப்பு அரித்தது. அவருக்கும் அரித்திருக்கும். நாங்கள் இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வெறுந்தட்டைத் துடைக்கிற நாட்களில் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், மனோன்மணி அன்ரி கூடத்து வாசலில் நின்றார். கையில் சாப்பாட்டு ரிபன்காரியர். பக்கத்தில் யாரோ கொடுத்த பெரிய ஜக்கற்றுக்குள் மெலிந்த ஒரு பையன். படத்தில் இருந்த மீசையை வழித்திருந்தான். நான் வேலை நேரம் என்பதையும் மறந்து “ஐயோ” என்று கத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே சொல்லி அனுப்பினேன். அம்மையார் படியேறி ஓடி வந்தார், வாசலில் வந்ததும் நின்றுவிட்டார். பெருவிரல் அளவில் மட்டும் பார்த்திருந்த முகத்தை இப்போது முழுதாகப் பார்த்தார். நன்றி சொல்ல ரமணன் ஆங்கிலத்தில் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். அதை அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“சாப்பிட்டியா?”

நான் தமிழில் சொன்னேன். “ஓம், சாப்பிட்டிட்டன்” என்றான் அவன், மரியாதைக்கு.

“பொய் சொல்லுறான் பிள்ளை” என்றார் அன்ரி. “வந்த நாளிலையிருந்து தட்டுக்கு முன்னாலை இருத்த, தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறான். ஒரு வாய் இறங்குதில்லை.”

அம்மையார் எங்களை ஊழியர் சாப்பாட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, அது சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் கழுவித் துடைத்து அவன் முன்னால் வைத்தார். அன்ரி சோறும் கறியும் போட்டார். அம்மையார் அவனுக்கு நேரெதிரே கதிரையை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவன் கொஞ்சநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய். தட்டு வெறுமையாகும்வரை அம்மையார் அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் சாப்பிடு எண்டு உங்கடை பாஷையிலை எப்பிடிச் சொல்லுறது?” என்று என்னிடம் கேட்டார்.

சொல்லிக்கொடுத்தேன். அவர் தன் ஸ்பானிய நாக்கில் அதைத் திருப்பிச் சொன்னார்.

ரமணன் தட்டை நீட்டினான்.